நாலு கம்பி போதாது பாஸ்!

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்கம்மா லேப்டாப் வாங்கக் கொடுத்த காசுல நான் டெலஸ்கோப் வாங்கினேன்.

இருங்க இருங்க, அடிக்க வராதீங்க. நானே அதுக்குத் தனியா நிறைய வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

2023 அக்டோபர். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம். வேலூர்ல நானும் ரூம்மேட்டும் ஒரு மொட்டை மாடி ரூம்ல குடியிருந்தோம். அம்மா ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில வேலை. சீட்டு எடுத்து 20 ஆயிரம் கையில கொடுத்து, "செகண்ட் ஹேண்டா இருந்தாலும் நல்லதா பார்த்து வாங்குடா"ன்னு சொன்னாங்க. செகண்ட் ஹேண்டாதான் வாங்கினேன். நல்லதாவும் பார்த்துதான் வாங்கினேன். பொருள்தான் மாறிப்போச்சு!

பெங்களூர்ல ஒருத்தர் வெளிநாடு கிளம்பறார்னு தன்னோட 6 இஞ்ச் நியூட்டோனியன் டெலஸ்கோப்பை வித்தார். 150 மில்லிமீட்டர் கண்ணாடி, 750 மில்லிமீட்டர் குவிதூரம், மோட்டார் வெச்ச ஈக்விட்டோரியல் மவுன்ட். அந்த மவுன்ட்தான் பெரிய விஷயம். பூமி சுத்தற வேகத்துக்கே எதிர்த்திசையில டெலஸ்கோப்பைத் திருப்பிக்கிட்டே இருக்கும். டியூஷன் எடுத்துச் சேர்த்த 16 ஆயிரத்தையும் போட்டு 36 ஆயிரத்துக்கு முடிச்சேன். பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு வந்தப்போ பக்கத்து சீட்டு பெரியவர், "தவிலா தம்பி?"ன்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ஆரம்பிச்ச பொய், அப்படியே பழகிடுச்சு.

"லேப்டாப் வாங்கிட்டியா?"ன்னு அம்மா போன்ல கேட்டப்போ "ம்..."னு சொன்னேன். 'ம்' பொய்யில சேர்த்தியா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

சரி, கண்ணால பார்க்கறதோட நிறுத்தியிருக்கலாம். சனியோட வளையம் தெரிஞ்சுது, வியாழனோட நாலு நிலா தெரிஞ்சுது. மாடியில ரூம்மேட் துள்ளிக் குதிச்சான். ஆனா எனக்குள்ள ஒரு உறுத்தல். அம்மாகிட்ட ஒருநாள் இதைச் சொல்லித்தானே ஆகணும்? சொல்லும்போது கையில ஒரு போட்டோவாவது இருந்தா தேவலையே... வெறுங்கையோட எப்படிப் போய் நிக்கிறது?

கேமரா? மாமாகிட்ட இருந்துச்சு. திருப்பத்தூர்ல கல்யாண போட்டோ எடுக்கறார். அவரோட ரெண்டாவது கேமரா, பழைய கேனன் 600டி. ஐப்பசி, கார்த்திகையில கிட்டயே போக முடியாது. ஆனா மார்கழி வந்தா கல்யாணமே கிடையாதே! "தை பொறந்தா எனக்கு வேணும். போகி அன்னைக்குக் கையில இருக்கணும். லென்ஸ்ல ஒரு கீறல் விழுந்தாலும் உன் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்"னு மிரட்டித்தான் கொடுத்தார். லென்ஸே வேணாம் மாமா, பாடி மட்டும் போதும்னதும் ஒரு மாதிரியா பார்த்தார்.

ஆமா பாஸ், லென்ஸ் வேணாம். டெலஸ்கோப்தான் லென்ஸ். கேமராவோட லென்ஸைக் கழட்டிட்டு அந்த வாய்ல டி-ரிங்னு ஒரு வளையம் மாட்டணும். அது ஒவ்வொரு கம்பெனி கேமராவுக்கும் வேற வேற. கேனன்ல சென்சார், கேமரா வாயிலிருந்து 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கு. டி-ரிங் கனம் 11. கூட்டினா 55. நிக்கான்ல 46.5, அதுக்கு ரிங் 8.5. அப்பவும் 55தான்! எந்தக் கேமராவா இருந்தாலும் ரிங்கோட முன்பக்கத்துல இருந்து சென்சார் வரைக்கும் 55ன்னு வர்ற மாதிரி யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டு வெச்சிருக்கார். அந்த ரிங்ல 2 இஞ்ச் மூக்கு ஒண்ணைத் திருகி ஃபோகசர்ல சொருகினா வேலை முடிஞ்சுது. ஒண்ணேகால் இஞ்ச் மூக்கும் கிடைக்குது, விலையும் கம்மி. ஆனா படத்தோட நாலு மூலையும் இருட்டிடும். அங்க கஞ்சத்தனம் வேணாம்.

மாட்டியாச்சு. நிலாவைப் பார்த்தாச்சு. திரையில தெரிஞ்சது நிலா இல்லை, மாவு கரைச்ச மாதிரி ஒரு வெள்ளை வட்டம். ஃபோகசரை உள்ளே தள்ளினேன்... தள்ளினேன்... இன்னும் ஒரு விரக்கடை போனா சரியாகும்னு தோணற இடத்துல முட்டி நின்னுடுச்சு.

நியூட்டோனியன் வெச்சிருக்கற பாதிப் பேரு இந்த இடத்துலதான் பல்பு வாங்குவாங்க. கண்ணால பார்க்கறதுக்குன்னே செஞ்ச குழாய்ல, பிம்பம் விழற இடம் ஃபோகசர் வாய்க்குப் பக்கத்துலயே இருக்கும். நம்ம சென்சாரோ 55 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கு. பிம்பம் அங்க வர்றதே இல்லை. பார்லோ லென்ஸ் போட்டா வரும். ஆனா 2 எக்ஸ் பார்லோ, 750ஐ 1500 ஆக்கிடும். ஆட்டமும் ரெண்டு மடங்காத் தெரியும். இன்னொரு வழி, பெரிய கண்ணாடியையே குழாய்க்குள்ள முன்னாடி நகர்த்தறது.

காட்பாடி ரோட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரு பைக் மெக்கானிக் அண்ணன். டெலஸ்கோப்போட பின்பக்கத்தைப் பார்த்ததும், "மூணு போல்ட்டு, மூணு ஸ்பிரிங்கு. இதுக்கா இவ்வளவு பயந்துக்கிட்டு வந்த?"ன்னார். நீளமான போல்ட், கார்புரேட்டர் பக்கத்துல இருந்து எடுத்த ஏதோ ஒரு ஸ்பிரிங்... 25 மில்லிமீட்டர் முன்னாடி வந்துடுச்சு. நான் பக்கத்துலயே நின்னு "கண்ணாடியில விரல் படக்கூடாதுண்ணே, விரல் படக்கூடாதுண்ணே"ன்னு ஜபிச்சுக்கிட்டே இருந்தேன். அலுமினியப் பூச்சு முன்பக்கத்துல இருக்கு. தொட்டா ரேகை நின்னுடும். அன்னைக்கு ராத்திரி நிலாவோட பள்ளமெல்லாம் திரையில கத்தியால வெட்டின மாதிரி விழுந்துச்சு. அண்ணனுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். ஷெட்டுல ஒட்டி வெச்சிருக்கார், சாமி படத்துக்குக் கொஞ்சம் கீழே.

நிலாவுக்கு நூறுல ஒரு பங்கு செகண்ட் போதும். நான் ஆசைப்பட்டது ஓரியன் நெபுலாவுக்கு. வேட்டைக்காரன் இடுப்புல தொங்கற கத்தியில மங்கலா ஒரு புகை மாதிரி தெரியுமே, அது. சுமார் 1,350 ஒளியாண்டு தூரத்துல புது நட்சத்திரங்கள் பிறக்கற இடம். அதுக்கு ஒவ்வொரு படமும் ரெண்டு நிமிஷம் திறந்து வெச்சு எடுக்கணும்.

எடுத்தேன். ரூம்மேட் பார்த்துட்டுக் கேட்டான்: "என்னடா, ரேஷன் அரிசியை போட்டோ எடுத்திருக்கியா? புழு நெளியுது?"

ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புழு!

கொஞ்சம் கணக்கு போடுவோம், ஓடிடாதீங்க. வானம் ஒரு செகண்டுக்கு 15 ஆர்க் செகண்ட் நகருது. ஒரு டிகிரியை 3,600 துண்டு போட்டா ஒரு துண்டுதான் ஒரு ஆர்க் செகண்ட். மாமா கேமராவுல ஒரு பிக்சல் 4.3 மைக்ரான். 750 மில்லிமீட்டர் குழாய்ல அது 1.18 ஆர்க் செகண்ட் வானத்தைப் பிடிக்கும். அப்போ மோட்டாரே இல்லேன்னா ஒரு செகண்ட்ல நட்சத்திரம் 12, 13 பிக்சல் ஓடிடும். மோட்டார் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அந்த மோட்டார் சுத்தறது ஒரு வார்ம் கியரை. என் மவுன்ட்ல 144 பல். ஒரு பல் நகர சுமார் 10 நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துல கியர் கொஞ்ச நேரம் முந்தி ஓடும், கொஞ்ச நேரம் பின்தங்கும். நம்ம ஊரு டவுன் பஸ் மாதிரி. மொத்தத்துல டைமுக்கு வந்துடும், நடுவுல எங்க நிக்கும், எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. 20 ஆர்க் செகண்ட் பிசகினாலே 17 பிக்சல். அதுதான் புழு.

இதுக்கு மருந்துதான் கைடிங். ஒரு நட்சத்திரத்தையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு, அது இம்மி நகர்ந்தாலும் மவுன்ட்டைத் தட்டிச் சரி பண்றது. அந்தக் காலத்துல இதை மனுஷங்களே பண்ணினாங்க. அமெரிக்காவுல எட்வர்ட் எமர்சன் பர்னார்ட்னு ஒருத்தர், 1890கள்ல லிக் வானாய்வகத்துல பால்வெளியைப் படம் பிடிச்சார். குறுக்குக் கம்பி போட்ட ஐபீஸ்ல கண்ணை வெச்சுக்கிட்டு மணிக்கணக்கா உட்கார்ந்து கையாலயே திருகித் திருகி எடுத்தது! குளிர்ல, தனியா. நமக்கு அந்த வேலையை ஒரு சின்ன கேமராவும் ஒரு சாஃப்ட்வேரும் பண்ணிடும்.

சாஃப்ட்வேர் பேரு பிஹெச்டி2. இலவசம். பேருக்கு விரிவாக்கம் 'புஷ் ஹியர், டம்மி'. அதாவது 'இங்க அமுக்குடா மண்டு'! பி.எஸ்ஸி. முடிக்கறதுக்குள்ள பிஹெச்டி வாங்கின முதல் ஆளு நான்தான்னு காலேஜ்ல ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

அது எதுல ஓடும் தெரியுமா?

லேப்டாப்ல.

நல்லா சிரிச்சுக்குங்க. எங்கம்மா எந்தப் பொருளை வாங்கச் சொன்னாங்களோ, அது இல்லாம நான் வாங்கின பொருள் வேலை செய்யாது. ரூம்மேட் கால்ல விழுந்தேன். அவனோட லேப்டாப் அவனோட அண்ணன் படிச்சு முடிச்சுக் கொடுத்தது. பேட்டரி 40 நிமிஷம் நின்னா அன்னைக்குத் திருவிழா.

கைடு கேமராவை ஆஸ்ட்ரோ கிளப் சீனியர் அக்கா கடனா கொடுத்தாங்க. கட்டைவிரல் சைஸ் கறுப்பு-வெள்ளை கேமரா, பிக்சல் 3.75 மைக்ரான். அதை 50 மில்லிமீட்டர் ஃபைண்டர் குழாய்க்குப் பின்னாடி சொருகணும். "குவிதூரம் வெறும் 200 மில்லிமீட்டர்தானே அக்கா, ஒரு பிக்சலுக்குக் கிட்டத்தட்ட 4 ஆர்க் செகண்ட் ஆகுது, பெரிய குழாய்ல ஒண்ணு பிசகறதை இது எப்படிக் கண்டுபிடிக்கும்?"னு கேட்டேன். நட்சத்திரம் நாலஞ்சு பிக்சல்ல பரவி விழும், அந்த வெளிச்சத்தோட நடு மையத்தை பிக்சல்ல பத்துல ஒரு பங்கு வரைக்கும் சாஃப்ட்வேர் கணக்குப் போடும்னு சொன்னாங்க. கேள்வி கேட்டதுக்காகவே ரெண்டு ஸ்க்ரூ எக்ஸ்ட்ரா கொடுத்தாங்க. அதோட அருமை பின்னாடிதான் தெரிஞ்சுது.

மொத்த வயரிங் இதுதான்: கைடு கேமராவுல இருந்து யுஎஸ்பி லேப்டாப்புக்கு. லேப்டாப் 'கொஞ்சம் கிழக்கே தட்டு'ன்னு சொன்னா அந்தக் கட்டளை அதே யுஎஸ்பி வழியா கேமராவுக்குத் திரும்பி வரும். கேமரா முதுகுல எஸ்டி-4னு ஒரு ஓட்டை. லேண்ட்லைன் போன் பின் சொருகற மாதிரியே இருக்கும். அங்கிருந்து மவுன்ட்ல இருக்கற அதே மாதிரி ஓட்டைக்கு ஒரு ஒயர். பெரிய கேமராவுக்கு ஷட்டர் ரிமோட் தனி. மவுன்ட்டுக்கு 12 வோல்ட், யுபிஎஸ்ல இருந்து கழட்டின 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. கம்ப்யூட்டரோட நேரா பேசற மவுன்ட்டா இருந்தா எஸ்டி-4 ஒயரே தேவையில்லை, ஒரே யுஎஸ்பியில முடிஞ்சுடும். என்னோடது அவ்வளவு படிச்சது இல்லை.

ஒயர் என்கிட்ட இல்லை. தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில, "டெலிபோன் ஒயர் ரெண்டு மீட்டர், ரெண்டு பக்கமும் பின் அடிச்சு"ன்னு கேட்டு வாங்கினேன். 50 ரூபா. இந்த வரியை மறந்துடாதீங்க.

இடம்: ஜவ்வாது மலை. ரூம்மேட்டோட தாத்தா வீடு ஆலங்காயம் தாண்டி மேலே. அங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான் காவலூர் வானாய்வகம். 2.34 மீட்டர் கண்ணாடி வெச்ச வைணு பாப்பு டெலஸ்கோப் 1986ல இருந்து அங்க இருக்கு. யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ அதைச் சுத்தி வளையம் இருக்குன்னு 1977ல கண்டுபிடிச்சாங்களே, அந்த மறைப்பைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. பாப்பு ஹார்வர்டுல மாணவரா இருந்தப்பவே, 1949ல, போட்டோ தகட்டுல ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சவர். மாணவரா இருந்தப்போ! நான் மாணவரா இருந்தப்போ ரேஷன் அரிசியைக் கண்டுபிடிச்சேன்.

2024 ஜனவரி 6, சனிக்கிழமை. முதல் பயணம். ரூம்மேட்டோட ஆயா சாமைச் சோறு போட்டாங்க. முற்றத்துல மவுன்ட்டை நிறுத்தினா, துருவ நட்சத்திரத்தைக் காணோம். மவுன்ட்டோட அச்சு அதை நோக்கித்தான் நிக்கணும். ஐரோப்பாக்காரனுக்கு அது ஐம்பது டிகிரி உயரத்துல ஜம்முனு நிக்கும். நமக்கு நம்ம அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரம்தான். ஜவ்வாதுல பன்னிரண்டரை டிகிரி, கன்னியாகுமரியில எட்டு. ஆயா வீட்டுப் பலாமரம் ஒண்ணு போதும், துருவனை மறைக்க. எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு சாமை அடிக்கற களத்துக்கு நகர்ந்தோம். இன்னொரு கூத்து: அச்சை இவ்வளவு தாழ்வா சாய்ச்சதும் எடைக்கல் கம்பி முக்காலியோட முன்னங்கால்ல போய் இடிச்சுது. முக்காலியைத் திருப்பி, கம்பி ரெண்டு காலுக்கு நடுவுல வர்ற மாதிரி வெச்சோம். இந்த மாதிரி சமாச்சாரம் எந்த மேனுவல்லயும் நமக்காக எழுதி வெச்சிருக்க மாட்டாங்க.

ஃபோகஸ் பண்ண, பழைய ஃபைல் அட்டையில வரி வரியா வெட்டின ஒரு மூடி. பெயர் பஹ்டினோவ் மாஸ்க். ரஷ்யாவுல பாவெல் பஹ்டினோவ்ங்கறவர் 2005ல யோசிச்சது. குழாய் வாய்ல மாட்டினா பிரகாசமான நட்சத்திரத்துல இருந்து மூணு கோடு கிளம்பும். நடுக்கோடு சரியா மத்தியில வந்தா ஃபோகஸ் பக்கா. அட்டைக்கு அஞ்சு ரூபா, வெட்டறதுக்கு ரெண்டு மணி நேரம், கட்டைவிரல்ல ஒரு காயம்.

ஓரியன் உச்சியைத் தாண்டட்டும்னு பத்தே முக்கால் வரைக்கும் காத்திருந்தோம். நடுவுல உச்சி தாண்டினா டெலஸ்கோப்பை மறுபக்கம் புரட்டணும், ஒயரெல்லாம் சிக்கிக்கும், கைடிங்கை முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். பிறகு அமுக்குடா மண்டுன்னு அமுக்கினேன்.

சாஃப்ட்வேர் முதல்ல நட்சத்திரத்தை நாலு பக்கமும் நகர்த்திப் பார்க்கும், எந்தத் தட்டுக்கு எவ்வளவு நகருதுன்னு தெரிஞ்சுக்க. மேற்கே தட்டுச்சு, நட்சத்திரம் நகர்ந்துச்சு. கிழக்கே தட்டுச்சு... அசையலை. வடக்கு, தெற்கு ரெண்டும் ஓகே. கிழக்கு மட்டும் கல்லு மாதிரி. மறுபடி. மறுபடி. மவுன்ட் மோட்டார் போச்சா? கேமரா போச்சா? அக்காகிட்ட கடன் வாங்கின கேமரா! அந்தக் குளிர்லயும் எனக்கு வேர்த்துச்சு. சிக்னல் கிடைக்கற பாறை மேல ஏறி அக்காவுக்கு போன் அடிச்சேன். மணி பன்னிரண்டரை. திட்டிட்டு, "அந்த ஒயர் பின்னுல எத்தனை கம்பி இருக்குன்னு எண்ணு"ன்னாங்க.

எண்ணினேன். நாலு.

"நாலு திசைக்கு நாலு கம்பி, எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு. மொத்தம் எத்தனை?"

அஞ்சு.

ரெண்டாங்கிளாஸ் கணக்கு, பாஸ். எஸ்டி-4 ஓட்டையில ஆறு இடம் இருக்கு, அஞ்சு உபயோகத்துல இருக்கு. டெலிபோனுக்கு நாலு கம்பியே அதிகம். கடைக்காரர் மேல தப்பே இல்லை, நான் கேட்டதைக் கொடுத்தார். நான் மட்டும் பின்னைத் திருப்பி ஒரு தடவை பார்த்திருக்கலாம். இன்னொண்ணும் சொல்லி வெக்கறேன்: வீட்டு லேண்ட்லைன் ஒயரை எடுத்துச் சொருகலாம்னு யோசிக்காதீங்க. நிறைய ஒயர்ல ஒரு முனைக்கு இன்னொரு முனை தலைகீழா கோர்த்திருப்பாங்க. மவுன்ட்ல ஹேண்ட் கன்ட்ரோலர் ஓட்டையும் சில சமயம் இதே மாதிரி இருக்கும். ஓட்டை மாறினா புகை வர வாய்ப்பிருக்கு, நெபுலாவுல இல்லை, மவுன்ட்ல.

அன்னைக்குக் கை கழுவிட்டு, போர்வையைப் போர்த்திக்கிட்டு, களத்துல படுத்து வானத்தைச் சும்மா பார்த்தோம். சும்மா பார்க்கறதும் நல்லாத்தான் இருந்துச்சு, அது வேற கதை.

மீதி இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. 11ஆம் தேதி அமாவாசை, 14ஆம் தேதி போகி. 13ஆம் தேதி ராத்திரி விட்டா கேமரா மாமாகிட்ட போயிடும். தையில வரிசையா முகூர்த்தம். ஆறு கம்பி ஒயரை லேன் கேபிள் கடையில நேரா நேரா கோர்த்து வாங்கினேன். இந்தத் தடவை ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சு நிறம் எண்ணிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு பைத்தியமா நினைச்சிருப்பார்.

13ஆம் தேதி. கிழக்கு அசைஞ்சுது! ரூம்மேட் போட்ட சத்தத்துல ரெண்டு நாய் குரைச்சுது. கிராஃப்ல ரெண்டு கோடும் நடுக்கோட்டை ஒட்டியே ஓடுது. முதல் ரெண்டு நிமிஷப் படம் முடிஞ்சு திரையில வந்துச்சு... நட்சத்திரம் எல்லாம் முட்டை! கிராஃப் நேரா இருக்கு, படம் கோணலா இருக்கு. எப்படி?

ஃபைண்டர் குழாயை நான் சைக்கிள் ட்யூப் ரப்பர் போட்டுக் கட்டியிருந்தேன். கெட்டியாத்தான் கட்டினேன். ஆனா டெலஸ்கோப் திரும்பத் திரும்ப, சின்னக் குழாய் தன் எடைக்கு மயிரிழை தொங்குது. அது தன்னோட நட்சத்திரத்தைச் சரியாத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு. பெரிய குழாய்தான் வேற பக்கம் பார்க்குது. காவல்காரன் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கான், பக்கத்து வீட்டுக்கு! அக்கா கொடுத்த எக்ஸ்ட்ரா ஸ்க்ரூ ரெண்டும் அப்பத்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ரப்பரை வெட்டிப் போட்டுட்டு இரும்பு கிளாம்ப்ல திருகினோம். அடுத்த படத்துல நட்சத்திரம் எல்லாம் புள்ளி.

புள்ளி, பாஸ். ரெண்டு நிமிஷம், ஒரு புள்ளி. அதைப் பார்த்தப்போ எனக்கு ஏதோ ஆச்சு. அதுக்கு மேல சொன்னா சினிமா ஆயிடும்.

ஆறாவது படத்துல பீப் பீப்னு சத்தம். நட்சத்திரத்தைக் காணோமாம். மார்கழிப் பனி! சின்னக் குழாயோட லென்ஸ் மூஞ்சி பூரா ஈரம். ஆயா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாங்க. விஷயம் தெரிஞ்சதும் உள்ளே போய், ஒரு படி சாமையை வாணலியில சூடு பண்ணி, ரூம்மேட்டோட சாக்ஸ்ல கொட்டி முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்தாங்க. குழந்தைக்கு சளி பிடிச்சா ஒத்தடம் கொடுக்கற டெக்னிக். லென்ஸைச் சுத்திக் கட்டினோம். அஞ்சு நிமிஷத்துல பனி போயிடுச்சு. நட்சத்திரம் திரும்பி வந்துச்சு. துவைக்காத சாக்ஸ்னு ஆயாகிட்ட சொல்லலை.

மணி 11.50. கரண்ட் போச்சு.

மவுன்ட் ஓடுது, அது தனி பேட்டரி. கேமரா ஓடுது. லேப்டாப் மட்டும் தன்னோட 40 நிமிஷத்தை எண்ண ஆரம்பிச்சுது. திரை வெளிச்சத்தைக் குறைச்சேன், மத்ததெல்லாம் மூடினேன். 60 சதவீதம், 41, 19... ஒவ்வொரு படத்துக்கும் நானும் ரூம்மேட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். அம்மா சொன்ன மாதிரி நல்ல லேப்டாப்பா வாங்கியிருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கும்ங்கற நினைப்பு, குளிரை விடப் பல்லைக் கிட்டிச்சுது. 12.28க்குத் திரை அணைஞ்சுது. நல்லதா தேறினது 21 படம். மொத்தம் 42 நிமிஷ வெளிச்சம்.

"போதும்டா, படுக்கலாம்"னான் ரூம்மேட். அப்பத்தான் ஒண்ணு உறைச்சுது. ஓரியன் நெபுலாவோட நடுப்பகுதி ரொம்பப் பிரகாசம். ரெண்டு நிமிஷப் படத்துல அது வெறும் வெள்ளையா வெந்து போயிருக்கும். அதுக்குத் தனியா 10 செகண்ட் படம் எடுத்துச் சேர்க்கணும். 10 செகண்டுக்குக் கைடிங் வேணாம், மோட்டாரே போதும். லேப்டாப் தேவைப்படாத ஒரே வேலை! கேமரா பேட்டரி சாகற வரைக்கும் முப்பது படம் எடுத்தேன். கடைசியில மூடியைப் போட்டு இருட்டுப் படங்கள் சில, சென்சாரோட இரைச்சலைக் கழிக்க. விடிஞ்சதும் குழாய் வாய்ல என் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி, வெளுத்த வானத்தைப் பார்த்து இன்னும் சில, தூசி நிழலைச் சரி பண்ண. அதுக்குள்ள கீழே பள்ளத்தாக்குல போகிப் புகை கிளம்பிடுச்சு.

அன்னைக்கு மத்தியானம் கேமரா மாமா கையில. கீறல் இல்லை.

படத்தையெல்லாம் ஒண்ணா அடுக்கறது டீப்ஸ்கைஸ்டாக்கர்ங்கற இலவச சாஃப்ட்வேர். 21 படத்தை அடுக்கினா இரைச்சல் 21-ன் வர்க்கமூலம் அளவுக்குக் குறையும், அதாவது நாலரை மடங்கு. ரூம்மேட் லேப்டாப் ராத்திரி பூரா ஃபேன் சுத்திச்சு. காலையில ஒரு ரோஜா நிறப் பூ, ரெண்டு பக்கமும் இறக்கை விரிச்சு. நடுவுல நாலு குட்டி நட்சத்திரம் தனித்தனியா. ஓரத்துல கொஞ்சம் வால் பிடிச்ச மாதிரி இருக்கு, கோமா கரெக்டர் இல்லாததால. நிறமும் கொஞ்சம் கம்மி. தப்பு கண்டுபிடிக்கத் தெரிஞ்சவங்க பத்து சொல்வாங்க. எனக்கே எட்டு தெரியும்.

மாமா ஸ்டுடியோவுலயே 8க்கு 12 பிரின்ட் போட்டு, கன்னிப் பொங்கல் அன்னைக்கு அம்மா முன்னாடி வெச்சேன். வெச்சுட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லிட்டேன். 'ம்' சொன்னதையும் சேர்த்து.

அம்மா ஒண்ணும் பேசலை. அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்தாங்க. படத்தைக் கையில எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாங்க. நான் அடிக்குத் தயாரா நின்னேன், அது வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். "என்கிட்ட கேட்டிருந்தா கொடுத்திருக்க மாட்டேன். அது உண்மைதான்"னாங்க. அப்புறம், "ஆனா கேட்டிருக்கணும்"னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. மாசம் ஆயிரம்னு டியூஷன் காசுல திருப்பிக் கொடுக்கறதா பேச்சு. இருபது மாசம். ஒரு மாசம் கூட விடலை.

அன்னைக்கு சாயந்திரம் மறுபடியும் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாங்க. நான் பிறந்தது திருவாதிரை. அது ஓரியன்லதான் இருக்குன்னு சொல்லியிருந்தேன்.

"இதுல உன் நட்சத்திரம் எதுடா?"

"இதுல இல்லம்மா. இந்தப் படம் மூணு நிலா அகலம்தான் பிடிக்கும். திருவாதிரை இன்னும் மேலே, ரொம்பத் தள்ளி."

"அப்போ அதையும் எடு."

"சரிம்மா."

"லேப்டாப் வாங்கிட்டு எடு."